சாயப்பட்டறைக் கணக்கில் விடுபட்ட 13 கிலோ: சான்றிதழோடு வந்த ஓர் ஆலோசகரின் முதல் திட்டம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாறியபோது நடந்ததன் பதிவு இது. யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். கணக்கு எளிதாகப் புரியட்டும் என்று எடைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். மென்பொருளை நிறுவிக்கொடுத்த நிறுவனம் பாதியில் அழைத்த வெளி ஆலோசகராகத்தான் நான் இதற்குள் வந்தேன். அதற்கு முந்தைய பகுதி, கோப்புகளைப் படித்தும் ஆட்களைக் கேட்டும் தெரிந்துகொண்டது.

பின்னணி

அந்த நிறுவனம் நூலை வாங்குகிறது. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி சீராக்குவது) மூன்றையும் வெளியே கொடுத்துச் செய்கிறது. கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை சொந்த ஆலை. திருப்பூரில் இது வழக்கமான அமைப்புதான். சாயப்பட்டறை சொந்தமாக வைத்திருப்பவர்கள் குறைவு. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது; அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் பட்டறை நடத்த முடிகிறது. அந்தச் செலவைத் தாங்கும் சக்தி எல்லோருக்கும் இல்லை. ஆகவே ஒரு ஏற்றுமதியாளரின் சரக்கில் பெரும்பகுதி எந்த நேரத்திலும் அவருடைய கூரைக்குக் கீழே இருக்காது. ஜாப் ஒர்க் செய்பவர்களிடம், அதாவது கூலிக்கு வேலை செய்து தருபவர்களிடம் இருக்கும், அல்லது வேனில் போய்க்கொண்டிருக்கும்.

மென்பொருளை நிறுவும் பணியை நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனம் எடுத்திருந்தது. கொள்முதல், சரக்கு மேலாண்மைப் பகுதிக்குத் தலைமை தாங்க வேண்டிய மூத்தவர் திட்டம் தொடங்கும் முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தில் 'சான்றிதழ் பெற்ற ஆலோசகர்' என்று ஒரு நிபந்தனை இருந்தது. அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ் வைத்திருந்த ஓர் இளைஞர் இருந்தார். பொறியியல் படித்தவர், சென்னையில் சில மாதம் பயிற்சி எடுத்து முதல் முயற்சியிலேயே தேர்வில் தேறியவர். அதற்கு முன் எந்த நிறுவனத்தின் கொள்முதல் பிரிவிலும் வேலை பார்த்ததில்லை. நிபந்தனை நிறைவேறியது, அவர் தலைமை ஆலோசகர் ஆனார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னவர் அல்ல. பொய் அனுபவம் எழுதிய ரெஸ்யூமேக்கள் இந்தத் துறையில் மலிவு. அவருடையதில் ஒரு வரிகூட அப்படி இல்லை. வாடிக்கையாளரிடம் போன அறிமுகத் தாளை எழுதியது விற்பனைப் பிரிவு.

வடிவமைப்பு: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

கூட்டங்கள் நிர்வாக அலுவலகத்தின் ஏ.சி. அறையில் நடந்தன. நிதி மேலாளர், கொள்முதல் மேலாளர், ஆர்டர்களைக் கவனிக்கும் இரண்டு மெர்ச்சன்டைசர்கள் வந்தார்கள். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒரே ஒரு கூட்டத்துக்கு வந்து, லோடு வந்துவிட்டது என்று பாதியில் எழுந்து போனார். பட்டறைகளோடு தினமும் பேசும் துணிப் பொறுப்பாளரை யாரும் கூப்பிடவே இல்லை.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே இளைஞர் கேள்விகளைக் கேட்டார். பதில்கள் அழகாக ஆவணமாயின. அதில் மூன்று முடிவுகள் பின்னால் வினையாயின.

முதலாவது சாயத்தில் எடை குறைவது. 'எட்டு சதவீதம் போகும்' என்றார் கொள்முதல் மேலாளர். எதைச் செய்ய எது எவ்வளவு வேண்டும் என்று மென்பொருளில் வைக்கும் பொருள் பட்டியலில், கழிவு 8% என்று இளைஞர் பதிந்தார். மேலாளர் சொன்னதன் பொருள், 100 கிலோ அனுப்பினால் 92 கிலோ திரும்பும் என்பது. எஸ்.ஏ.பி.யோ அந்த இடத்தில் போடும் சதவீதத்தை வரவேண்டிய எடையின் மேல் ஏற்றும். 100 கிலோ சாயத்துணி வந்தால் 108 கிலோ சாம்பல் துணி (இன்னும் சாயமிடாத துணி) செலவு என்று எழுதிக்கொள்ளும். 92 கிலோ வந்தால் அதன் கணக்கில் செலவு 99.36 கிலோதான்; மீதி 0.64 கிலோ பட்டறையிலேயே இருப்பதாகக் காட்டும். 8.7% என்று போட்டிருந்தால் ஓரளவு பொருந்தியிருக்கும். ஆனால் நிஜத்தில் இந்தச் சிக்கலே சின்னது. எல்லா நிறத்துக்கும் எட்டு சதவீதம் என்பதே பொருந்தாது. வெள்ளைக்கு முழு பிளீச்சிங் செய்வதால் எடை அதிகம் போகும். கருப்பு, கருநீலத்துக்கு அவ்வளவு போகாது. எட்டு என்பது மேலாளர் வாய்க்கணக்காகச் சொன்ன சராசரி.

இரண்டாவது பூட்டு. துணி வரவு வைக்கும்போது செலவான சாம்பல் துணி எடையை ஸ்டோர்ஸ்காரர் திருத்திக்கொள்ள எஸ்.ஏ.பி. இயல்பாகவே இடம் தரும். திருட்டுக்கு வழியாகிவிடும் என்று பயந்த நிதி மேலாளர் அதை மூடச் சொன்னார். கேட்டதைச் செய்வதுதான் வேலை என்று நினைத்த இளைஞர் நிரலாளரை வைத்து மூடிக்கொடுத்தார்.

மூன்றாவது போக்குவரத்து. நிட்டிங் முடிந்த துணி ஆலை ஸ்டோருக்கு வந்து, அங்கிருந்து சாயத்துக்குப் போவதாக வரைபடம் போட்டார். நடப்பில் அது நிட்டிங் யூனிட்டிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போகிறது. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொருவருக்கு நேரடியாக அனுப்ப ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவும் அனுமதிக்கிறது. எஸ்.ஏ.பி.யிலும் வழி உண்டு. கொள்முதல் ஆணையில் டெலிவரி முகவரி பகுதியில் பட்டறையைக் குறித்து ஒரு பெட்டியில் டிக் செய்தால், நிட்டிங் துணி வரவாகும்போதே பட்டறைக் கணக்கில் ஏறிவிடும். அவர் படித்த பாடத்தில் அந்தப் பெட்டி வரவில்லை.

சோதனையும் தொடக்கமும்

ஜனவரி, பிப்ரவரியில் சோதனை நடந்தது. சோதனைத் தாளில் இருந்த காட்சி இது: 108 கிலோ அனுப்பு, 100 கிலோ பெறு. மீதி பூஜ்யம். தேர்ச்சி. கையெழுத்து. அந்த எண்களை எழுதியவர் இளைஞரே. பொருள் பட்டியலை அமைத்தவரும் அவரே. தான் வைத்த விடைக்குத் தானே கேள்வித்தாள் தயாரித்தது போலத்தான் இது. உண்மையில் வந்து போன பழைய டி.சி.க்கள் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்கள்) ஒரு கட்டு ஸ்டோரில் கிடந்தன. அதில் பத்தை எடுத்து ஓட்டியிருந்தால் முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

ஏப்ரல் 1 அன்று புதிய மென்பொருள் தொடங்கியது. நிதியாண்டுத் தொடக்கம் என்பதால் கணக்குப் பிரிவுக்கு வசதி. ஸ்டோருக்கு வசதியா என்று யாரும் கேட்கவில்லை.

கவனித்தவை: ஏப்ரல் முதல் ஜூன் வரை

ஒரு கருப்பு லாட்டை, அதாவது ஒரே தடவையில் சாயமிட்ட துணித் தொகுதியை மட்டும் நெருக்கமாகப் பார்க்கலாம். பட்டறைக்குப் போனது 500 கிலோ, திரும்பி வந்தது 475 கிலோ. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் 475 என்று வரவு வைக்கப் பார்த்தார். மென்பொருள் 475ஐ 1.08ஆல் பெருக்கி 513 கிலோ செலவு என்றது. பட்டறையிடம் இருப்பதோ 500 கிலோதான், 13 கிலோ பற்றாக்குறை என்று மறுத்துவிட்டது. எடையைத் திருத்தப் போனால் பூட்டு. வெளியே கட்டிங்கில் ஆட்கள் துணிக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவர் என்ன செய்தார் என்றால், எண்ணை ஒவ்வொரு கிலோவாகக் குறைத்துப் பார்த்தார். 462இல் ஏற்றுக்கொண்டது. 462 என்றே பதிந்தார். மீதி 13 கிலோ துணி ரேக்கில் இருந்தது, கணக்கில் இல்லை. அதைத் தன் பழைய நோட்டில் பென்சிலால் எழுதி வைத்தார்.

இந்த நிறுவனம் திரும்பி வரும் எடைக்குத்தான் சாயக் கூலி கொடுக்கிறது. பட்டறையின் பில் 475 கிலோவுக்கு வந்தது, வரவோ 462. அளவு பொருந்தவில்லை என்று பில் தானாகவே முடங்கியது. மே மாதக் கடைசியில் பட்டறைக்காரர்கள் பணம் கேட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். ஒருவர் அடுத்த லாட்டை எடுக்க மறுத்தார்.

வெள்ளையில் இதற்கு நேர்மாறு. 500 போய் 450 வந்தால் மென்பொருள் 486ஐக் கழித்துக்கொண்டு, இல்லாத 14 கிலோவைப் பட்டறைக் கணக்கில் விட்டுவைத்தது. வாரா வாரம் இது ஏறிக்கொண்டே போனது. வெறும் எண்தானே என்று விடவும் முடியாது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகச் சட்டம் கருதும். வரியும் வட்டியும் வரும். அனுப்பியதும் வந்ததும் ஐ.டி.சி. 04 என்ற ஜி.எஸ்.டி. படிவத்தில் போக வேண்டும். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் அதை அரையாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான படிவத்தில் இந்த ஆவி எடை முழுவதும் ஏறப் போகிறது.

லாட் விஷயம் தனி. ஒரே நிறத்தை வேறு வேறு தடவை சாயமிட்டால் ஷேடு கொஞ்சம் மாறும். இரண்டு லாட்டைக் கலந்து வெட்டினால் சட்டையின் உடம்பு ஒரு ஷேடு, கை ஒரு ஷேடு ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு ரோலிலும் லாட் எண், டயா (துணியின் அகல அளவு), ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை), ரோலின் எடை எழுதிய சீட்டு தொங்கும். வடிவமைப்புக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது, வேண்டாம், வேலை கூடும் என்று சொன்னவர் நிதி மேலாளர். அவர் வாழ்நாளில் ஒரு ரோலைத் தூக்கியிருக்க மாட்டார். ஆகவே மென்பொருளுக்கு லாட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கருப்பு என்றால் எல்லாம் ஒரே கருப்பு.

நேரடிப் போக்குவரத்தின் கதையும் அப்படித்தான். நிட்டிங்கிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போன துணிக்கு, அது ஆலைக்கு வந்ததாகவும் திரும்பப் போனதாகவும் இரண்டு பதிவுகள் போட வேண்டியிருந்தது. எடை போனில் வர வேண்டும், சாயந்திரம் ஆகிவிடும். இளைஞர் இதைப் பற்றி ஸ்டோரில் விசாரித்தது ஜூனில்தான். 'தம்பி, அந்தத் துணி இங்க வர்றதே இல்லீங்களே. வராத துணிக்கு நான் எப்படீங்க வரவு போடறது?' என்று பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். 'அண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று இவர். 'யாருங்க கேட்டீங்க?' என்று அவர்.

எடுத்த முடிவுகள்

ஜூன் நடுவில் நான் போனபோது முதலாளி பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடலாம் என்ற மனநிலையில் இருந்தார். அதற்கு நான் உடன்படவில்லை. ஏப்ரலிலிருந்து கணக்குகள் புதியதில் பதிவாகி, ஜி.எஸ்.டி. தாக்கலும் நடந்துவிட்டது. திரும்பினால் இரண்டு குழப்பம். கணக்கு, நூல் கொள்முதல், விற்பனை எல்லாம் எஸ்.ஏ.பி.யில் தொடரட்டும், ஜாப் ஒர்க் சரக்கை மட்டும் அக்டோபர் 1 வரை நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை மொத்தமாகப் பதியலாம் என்று முடிவானது. அரையாண்டுப் படிவத்தின் எல்லை என்பதால்தான் அந்தத் தேதி.

நிறுவிய நிறுவனத்திலிருந்து ஒரு யோசனை வந்தது: பட்டறைக் கையிருப்பு மைனஸில் போக அனுமதித்துவிட்டால் பற்றாக்குறைப் பிழை வராது. சில நிமிட வேலை. அதை நான் மறுத்தேன். பிழைச் செய்தி மறையும், பிழை அங்கேயே இருக்கும். பட்டறையில் துணி உண்மையிலேயே காணாமல் போனாலும் அதன்பின் தெரியாது.

முதலில் மென்பொருளில் கை வைக்காமல் பெரிய பட்டறைகளுக்குப் போய் இருப்பை எடை போட்டோம். இளைஞரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஈரத்துணியின் எடை வேறு, உலர்ந்ததன் எடை வேறு என்பதை அவர் அங்கேதான் கண்ணால் பார்த்தார். எந்த நிலையில் போட்ட எடை டி.சி.யில் ஏறுகிறது என்பது பட்டறைக்குப் பட்டறை மாறுவதும் அங்கேதான் தெரிந்தது. இது எனக்கும் புதிய தகவல் என்பதால் அன்றைக்கே துணிப் பொறுப்பாளரை உட்கார வைத்து ஒரே முறைக்கு எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தோம்.

அப்புறம் மாற்றங்கள். கழிவு சதவீதம் வெள்ளை, வெளிர், நடுத்தரம், அடர் என்று நான்கு வகைக்கும் தனித்தனியாக, பழைய டி.சி.க்களிலிருந்து கணக்கிட்டு வைக்கப்பட்டது. அது எதிர்பார்ப்பு மட்டுமே. வரவு வைக்கும்போது உண்மையான செலவைத் திருத்தலாம். பூட்டு எடுக்கப்பட்டது, பதிலாக, எதிர்பார்ப்பிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால் துணிப் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். நிதி மேலாளர் இதற்கு எளிதில் இணங்கவில்லை. துணி ஏற்கெனவே வாசலுக்குள் வந்துவிட்டது, கணக்கில் ஏற்ற மறுப்பதால் போன எடை திரும்பாது, யார் எவ்வளவு விலக்கினார் என்ற பட்டியல் மாதக் கடைசியில் உங்கள் மேசைக்கு வரும் என்று சொன்னபிறகு ஒத்துக்கொண்டார். பட்டியல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. பூட்டு அவருக்குத் தோன்றிய ஒரே வழி, அவ்வளவுதான்.

லாட் வாரியாக இருப்பு வைக்க மாறியதுதான் கடினமான பகுதி. இருப்பு உள்ள பொருளுக்கு அந்த அமைப்பை நடுவில் மாற்ற முடியாது. எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, மாற்றி, மீண்டும் லாட்டோடு ஏற்ற வேண்டும். செப்டம்பர் கடைசி இரவில் அது நடந்தது. ஏற்றும் கோப்புகளை முழுக்கத் தயாரித்தது இளைஞர்தான். ஒரு பிழை இல்லை.

விளைவு

அக்டோபர் முதல் பட்டறை பில்கள் முடங்குவது அரிதானது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பட்டறை இருப்பைத் தாளில் அச்சிட்டு, பட்டறைக்காரரின் கையெழுத்து வாங்கும் பழக்கம் வந்தது. முன்பு யாருக்கும் இல்லாத பழக்கம். சிறிய நிட்டிங் யூனிட்டுகள் எடையைத் தாமதமாகச் சொல்வது தொடர்கிறது. இரண்டு ஜாப் ஒர்க்கர்களின் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான கணக்கை நேர்செய்யவே முடியவில்லை. முதலாளி அதை நஷ்டமாக எழுதித் தீர்த்தார். நிறுவிய நிறுவனம் கூடுதல் மாதங்களுக்குப் பணம் வாங்கவில்லை; அந்தத் திட்டத்தில் அதற்கு லாபம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இளைஞரை வேலையை விட்டு அனுப்பும் பேச்சு இருந்தது. வேண்டாம் என்று சொன்னேன். அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்து, அதே ஆலையில் ஆதரவுப் பணியில் வைத்தார்கள். ஸ்டோரிலேயே அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். சில மாதத்தில் அவர் கேட்கும் கேள்வி மாறியிருந்தது. முன்பு 'உங்கள் கொள்முதல் நடைமுறை என்ன?' என்று கேட்பார். இப்போது 'போன வாரம் வந்த லோடில் எது தகராறு ஆச்சுங்க?' என்று கேட்டார். அடுத்த திட்டத்தில் வேறொருவருக்குக் கீழே இரண்டாவது ஆளாகப் போனார்.

பயிற்சி எதைத் தந்தது, எதைத் தரவில்லை

பயிற்சி வீண் என்று இந்த நிகழ்விலிருந்து முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. கணக்குத் தலைப்புகள் தானாக எடுக்கப்படும் அமைப்பில் ஒரு பிழை வந்தபோது அவர் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார். அனுபவம் மட்டும் உள்ள பலருக்கு அது ஒரு நாள் வேலை. மென்பொருளுக்குள் எது எங்கே இருக்கிறது என்ற அறிவு பயிற்சியில்தான் கிடைக்கும்.

ஆனால் எஸ்.ஏ.பி. பயிற்சியில் காலகாலமாகப் பயன்படும் ஐடெஸ் என்ற மாதிரி நிறுவனத்தைப் பாருங்கள். அங்கே சப்ளையர் நேரத்துக்குத் தருவார், எடை சொன்னபடி வரும், யாரும் போனில் கத்த மாட்டார்கள். அதில் பழகியவர், நிறுவனம் சொல்லும் நடைமுறையும் நடக்கும் நடைமுறையும் ஒன்றே என்று நம்பித்தான் வருவார். எட்டு சதவீதம் என்ற பதிலைக் கேட்டதும் 'எதன் மேல் எட்டு? எல்லா நிறத்துக்குமா? கடைசியாக வந்த பத்து டி.சி.யைக் காட்டுங்க' என்று கேட்கத் தோன்றுவது பாடத்தில் வராது. பூட்டச் சொன்ன மேலாளரிடம் 'எதற்காகக் கேட்கிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்கும் துணிச்சலும் அப்படியே. இது வயதைப் பொறுத்ததல்ல. பத்தாண்டு உதவி மையத்தில் டிக்கெட் (பயனர் புகார்) மூடியவருக்கும் இது வந்திருக்காது. ஸ்டோரிலோ கொள்முதலிலோ இரண்டு ஆண்டு அடிபட்டுவிட்டு மென்பொருளுக்கு வந்த ஒரு பி.காம். பட்டதாரிக்கு இயல்பாக வந்துவிடும். நான் பார்த்த நல்ல ஆலோசகர்களில் பலர் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்கள்.

பெரிய இடங்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஜெர்மனியின் லிடில் சங்கிலிக் கடை நிறுவனம் சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018இல் தன் எஸ்.ஏ.பி. திட்டத்தைக் கைவிட்டது. சரக்கு மதிப்பை அவர்கள் வாங்கும் விலையில் கணக்கிட்டு வந்தார்கள். மென்பொருளின் வழக்கமான அமைப்பு விற்கும் விலையில். இந்த வேறுபாட்டுக்காக மென்பொருளை வளைத்தது ஒரு முக்கியக் காரணமாக அப்போது செய்திகளில் பேசப்பட்டது. அங்கே ஆலோசகர்களுக்கு அனுபவம் இல்லை என்று சொல்ல வரவில்லை. வளைப்பதா, மறுப்பதா என்ற முடிவு எவ்வளவு கனமானது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த முடிவைத்தான் இங்கே முதல் வேலையில் இருந்த ஒருவரிடம் விட்டிருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

நிறுவிய நிறுவனம் அதன்பின் ஒரு விதி வைத்தது: இரண்டு திட்டங்களில், புதிய மென்பொருளுக்கு மாறும் மாற்று நாளையும் அதற்கடுத்த மாதக் கணக்கு முடிப்பையும் கூடவே இருந்து பார்க்காதவர் தலைமை ஆலோசகர் ஆகக்கூடாது. நல்ல விதி. மாற்று நாளை விட மாதக் கணக்கு முடிப்புதான் நிறையக் கற்றுக்கொடுக்கும் என்பது என் எண்ணம். அன்றைக்குத்தான் எல்லா ஒட்டுப்போட்ட வேலையும் மேலே வரும். சோதனைத் தாளை வடிவமைத்தவரே எழுதக்கூடாது, பழைய உண்மைச் சீட்டுகளிலிருந்து ஸ்டோர்ஸ்காரர் எடுத்துத் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். வாடிக்கையாளர் பக்கம் ஒப்பந்தத்தில் 'சான்றிதழ்' என்ற நிபந்தனைக்குப் பதிலாக, இதே தொழிலில் முன்பு செய்த திட்டத்தின் பயனரோடு நேரில் பேசவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் இந்த நியமனமே நடந்திருக்காது.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. வடிவமைப்புக்கு முன் ஆலோசகர் இரண்டு வாரம் ஸ்டோரிலும் பட்டறையிலும் சும்மா நின்று பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தேன். இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்த இரண்டு வாரக் கூலியை யார் தருவது என்பதில் பேச்சு நின்றது. ஒரு தாளும் உருவாகாத நாளுக்கு எதற்குப் பணம் என்கிறார் வாடிக்கையாளர். இலவசமாகப் பயிற்சி கொடுக்க முடியாது என்கிறது நிறுவனம். அடுத்த கட்டத் திட்டத்தில் ஆளுக்குப் பாதி என்று ஒரு வாரத்துக்கு மட்டும் இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.